அம்மா எண்ணிவைத்த இருபத்தியாறு மாத்திரைகள்

எனக்குப் பொய் சொல்ல நன்றாகவே வரும். சொன்ன பொய்யைப் பராமரிக்கத்தான் வராது. ஒரு பொய்யைச் சொல்லி, அதை வீட்டில் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். திரும்பி வந்து பார்த்தால் அது நன்றாக வளர்ந்து, சொந்தபந்தத்தோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை. சொந்த ஊர் அச்சரப்பாக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் நெல், கொஞ்சம் வேர்க்கடலை, இரண்டு மாடு. எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். மாமல்லபுரத்தில் நாலைந்து பேருக்குத் தெரியும். அச்சரப்பாக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. இரண்டு ஊருக்கும் நடுவே இரண்டு பஸ் மாற வேண்டும் என்பதால், ரகசியம் பத்திரமாக இருக்கும் என்று நம்பினேன்.

அந்த வருஷம்தான் பிரெப் பற்றிக் கேள்விப்பட்டேன். எச்.ஐ.வி. இல்லாதவர்கள், அது வராமல் இருக்க முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் மாத்திரை. செங்கல்பட்டில் ஒரு சின்ன கிளினிக்கில் கொடுக்கிறார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். போனேன். முதலில் ரத்தம் எடுத்தார்கள். எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை, கிட்னி எல்லாம் பார்த்து, எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு, ஆலோசகர் கலா மேடம் உட்காரவைத்து விளக்கினார்.

"ரெண்டு விதமாப் போடலாம் சார். ஒண்ணு, தினமும் ஒரு மாத்திரை. இன்னொண்ணு, தேவைப்படும்போது மட்டும். அதுக்கு ஒரு முறை இருக்கு. உறவுக்கு முன்னாடி ரெண்டு மாத்திரை சேர்த்துப் போடணும். குறைஞ்சது ரெண்டு மணி நேரம் முன்னாடி, அதிகபட்சம் ஒரு நாள் முன்னாடி. அந்த ரெண்டைப் போட்ட அதே நேரத்துக்கு மறுநாள் ஒண்ணு, அதுக்கு மறுநாள் ஒண்ணு. ஆக நாலு. ஆம்பளைங்களோட இருக்கற ஆம்பளைங்களுக்கு ரெண்டு முறையுமே, ஒழுங்காப் போட்டா, நல்லாக் காப்பாத்தும். மத்த பால்வினை நோய்க்கு இது தடுப்பு இல்ல. அதுக்கு ஆணுறைதான். மூணு மாசத்துக்கு ஒருமுறை வந்து ரத்தம் குடுக்கணும்."

"தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கறேன் மேடம்."

"எப்போ தேவைப்படும்னு உங்களுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே தெரியுமா?"

"ரெண்டு மாசம் முன்னாடியே தெரியும் மேடம்," என்றேன். (பெருமைக்குச் சொல்லவில்லை. நிலைமை அப்படி.)

பக்கத்து பெஞ்சில் ரத்தம் கொடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்த ஒருவர் குபீரென்று சிரித்தார். நல்ல உயரம், நல்ல கறுப்பு, விரல் இடுக்கில் எல்லாம் கிரீஸ். சதுரங்கப்பட்டினத்தில் படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கும் தேசிங்கு.

"நா டெய்லி போட்டுக்கினு கீறேன் சார். பல்லு வெளக்கறாப்பல. யோசனையே கெடையாது. நீ இன்னாடான்னா முன்ன ரெண்டு, பின்ன ரெண்டுன்னு பரீச்சைக்குப் போற மாதிரி கெளம்பற."

"தேசிங்கு, அவரைக் குழப்பாதீங்க. ரெண்டும் சரிதான். அவங்கவங்க வாழ்க்கைக்கு எது ஒத்துவருதோ அது," என்றார் கலா மேடம்.

வெளியே வந்து இருவரும் டீ குடித்தோம். பங்குனி முடிவதற்குள் எனக்குத் தேவை வந்துவிட்டது. (அன்றைக்கு அவர். இப்போது அவன்.)

முதல் தடவை என்பதால் போனில் நான்கு அலாரம் வைத்தேன். மாத்திரைக்கு மூன்று, அலாரம் அடிக்கிறதா என்று பார்க்க ஒன்று. அதைப் பார்த்துவிட்டுத் தேசிங்கு, "நாம மீட் பண்றோமா, இல்ல ராக்கெட்டு வுடறோமா?" என்றான். ராக்கெட் நன்றாகவே போனது. முப்பது மாத்திரையில் நான்கு தீர்ந்து, பாட்டிலில் இருபத்தியாறு.

அந்த பாட்டிலை எங்கே வைப்பது என்பதில்தான் என் புத்திசாலித்தனம் வேலை செய்தது. ஹோட்டல் ஊழியர் அறையில் நான்கு பேர். என் பேஸ்ட், என் தேங்காய் எண்ணெய், ஒருமுறை என் பனியன்கூடப் பொதுச்சொத்தாகிவிட்டது. அங்கே வைக்க முடியாது. தினமும் போடுகிறவனாக இருந்தால் கூடவே வைத்துத்தான் ஆகவேண்டும். நான்தான் தேவைக்குப் போடுகிற கனவான் ஆயிற்றே. நாலைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டால் போதும். மீதியை அச்சரப்பாக்கத்து வீட்டு பீரோவில், என் பட்டச் சான்றிதழுக்குப் பின்னால் வைத்தேன். அந்தச் சான்றிதழை இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதால் அதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை. முன்னெச்சரிக்கையாக பாட்டிலின் லேபிளை வெந்நீரில் ஊறவைத்து உரித்தும் விட்டேன்.

ஒரே வாரத்தில் அம்மா கண்டுபிடித்தாள்.

"இன்னாடா இது பாட்டிலு?"

"சத்து மாத்திரைமா. ஹோட்டல்ல மாசத்துக்குன்னு முப்பது குடுத்தாங்க."

ஒரு நொடியில் சொன்னேன். லேபிள் இருந்திருந்தால் இதைச் சொல்லியிருக்க முடியுமா என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

அம்மா சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவள். எதையும் அளந்துதான் நம்புவாள். நான் வார விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் பாட்டிலைக் கொட்டி எண்ணியிருக்கிறாள். சித்திரையில் கேட்டாள்: "இன்னாடா, இருபத்தியாறு அப்பிடியே கீது? சாப்பிடறது இல்லியா?" நடுவில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு இன்ஜின்களைக் கழற்றி மாட்டத் தேசிங்கு சென்னைத் துறைமுகத்துக்குப் போய்விட்டான். வைகாசியிலும் கேட்டாள்: "இப்பவும் இருபத்தியாறா? ஒடம்புல ஒரு தெம்பே இல்லாம சுத்திக்கினு கீற, மாத்திரைய மட்டும் தொட மாட்டேங்கற." என் காதல் வாழ்க்கை எந்த நிலையில் இருக்கிறது என்பதை அம்மா மாதாமாதம் துல்லியமாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத்தான் அது தெரியாது.

ஆனி மாதம் என் அக்கா மகளுக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன். என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். தடைக்காலம் முடிந்து தேசிங்கு திரும்பியிருந்தான். "பிரெண்டு" என்ற பெயரில் தன் பைக்கில் என்னைக் கொண்டுவந்து விட்டான். சாயங்காலம் இருவரும் சேர்ந்து மாமல்லபுரம் திரும்புவதாகத் திட்டம். (மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.)

ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலை ஓரம் ஒரு சின்ன மண்டபம். குழந்தை, காது குத்தியதற்குப் பழிவாங்க, என் புது வேட்டியை நனைத்துவிட்டாள். வேட்டி மாற்றத் தேசிங்கோடு இரண்டு தெரு தள்ளியிருந்த எங்கள் வீட்டுக்குப் போனேன். அப்படியே சாயங்காலத்துக்கு நாலு மாத்திரை எடுத்துக்கொள்ளலாம் என்று பீரோவைத் திறந்தேன். பாட்டிலைத் தூக்கினால் கனம் குறைந்திருந்தது. கொட்டி எண்ணினேன். இருபது.

மறுபடி எண்ணினேன். கூடவில்லை.

மண்டபத்துக்கு ஓடினேன். வாசலில் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மாத்திரை ஆறு கொறையுதே?"

"ஆமா. நீதான் சாப்பிடறதே இல்லியே. தேதி போயி வீணாத்தான் போவும். ஒங்க பெரியப்பா தலை சுத்துதுன்னாரு, ரெண்டு குடுத்தேன். ஒங்க அத்தைக்கு முட்டி வலி, ரெண்டு. சமையல் மாஸ்டரு அடுப்புகிட்டயே நின்னு அசந்துபோயிட்டாரு பாவம், அவுருக்கு ரெண்டு."

"எப்போமா?"

"இப்பத்தான், காலைல."

பெரியப்பாவுக்குக் கிட்னியில் கோளாறு. தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்கச் சொல்லியிருக்கிறார் அவருடைய டாக்டர். எனக்கு மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் கிட்னியைப் பார்த்தார்களே, அது சும்மா இல்லை.

தேசிங்கு அதற்குள் கலா மேடத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் எடுத்தார். நான் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"சார், பதறாதீங்க. நல்லா இருக்கறவங்க தெரியாம ஒண்ணு ரெண்டு போட்டா பெருசா ஒண்ணும் ஆகாது. கொஞ்சம் குமட்டல் வரலாம். ஆனா கிட்னி பிரச்சினை இருக்கறவர் போடவே கூடாது. முதல்ல அவர்கிட்டேர்ந்து வாங்குங்க. ஏற்கனவே போட்டிருந்தா, அவரோட டாக்டர்கிட்டச் சொல்லணும். அத்தைக்கு என்னென்ன வியாதி இருக்குன்னும் கேட்டுச் சொல்லுங்க." அப்புறம், "லேபிள் இருக்குமே சார், அதைப் பார்த்துமா குடுத்தாங்க?" என்றார்.

லேபிளை உரித்த கையாலேயே போனை அணைத்தேன்.

சமையல் மாஸ்டரிடம் தேசிங்கு போனான். அவர் மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு மறந்தே போயிருந்தார். இரண்டும் கைக்கு வந்தன. நான் பந்திக்குள் பாய்ந்தேன். பெரியப்பா எந்த மாத்திரையாக இருந்தாலும் சாப்பாடு முடிந்த கையோடு மொத்தமாகப் போடுகிறவர். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். இலையில் மோர் சாதம் கடைசிக் கவளம். இடது உள்ளங்கையில் ஐந்தாறு மாத்திரை. அதில் நீல நிறத்தில் இரண்டு.

"பெரியப்பா, நில்லுங்க!"

அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். கையைத் தூக்கினார். நான் எதிர்வரிசைப் பந்தியைத் தாண்டி, யாருடைய பாயசத்திலோ காலை வைத்து, பெரியப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். மாத்திரை எல்லாம் சிதறின. டம்ளர் தண்ணீர் அவர் மடியில். நீலம் இரண்டையும் பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்தால், மேளக்காரர் உட்பட மண்டபமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னாடா ஆச்சு ஒனக்கு?" என்றார் பெரியப்பா, வேட்டியைப் பிழிந்துகொண்டே. "ஒங்கம்மா குடுத்த சத்து மாத்திரைடா அது."

"அது சத்து மாத்திரை இல்ல பெரியப்பா!"

"பின்ன இன்னா மாத்திரை?"

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் உண்மையைச் சொல்லியிருப்பான். கெட்டிக்காரன் ஒரு நல்ல பொய்யைச் சொல்லியிருப்பான். நான் இரண்டும் இல்லை. மண்டபத்து வாசல் வழியாகத் தெருவில் ஒரு மாடு போய்க்கொண்டிருந்தது கண்ணில் பட்டது.

"மாட்டு மாத்திரை," என்றேன்.

பெண்கள் பந்தியிலிருந்து ஓர் அலறல். "ஐயோ! நான் ஒண்ண முழுங்கிட்டனே!"

குப்பம்மா அத்தை. அப்பாவின் அக்கா. அறுபது தாண்டியவர். எழுந்து நின்றார், நெஞ்சில் கைவைத்தார், அப்படியே பக்கத்தில் இருந்தவர் மேல் சாய்ந்தார். மோர் வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்த அப்பா ஓடிவந்தார். அவருடைய முதல் கேள்வி, "நம்ம மாட்டுக்கு யாருடா மாத்திரை எழுதிக் குடுத்தது? அதுங்க நல்லாத்தான கீதுங்க!"

அத்தையை மண்டபத்தின் பின்னால் காய்கறி அறைக்குத் தூக்கிக்கொண்டு போய் பெஞ்சில் படுக்கவைத்தார்கள். ஒருவர் உப்புத் தண்ணீர் கரைத்தார். இன்னொருவர் ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டார். மதுராந்தகம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வயிற்றைக் கழுவ வேண்டும் என்று முடிவாயிற்று. அத்தை என் கையை விடவில்லை.

"சேகரு, உண்மையச் சொல்லிடு. அது வயித்துப்போக்குக்கா, சினை புடிக்கறதுக்கா?"

சிரிப்பு வரவேண்டிய இடம். எனக்கு அழுகைதான் வந்தது. என்னைத் தூக்கி வளர்த்த அத்தை. நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக அவருக்கு வாயில் குழாய் விடப்போகிறார்கள். எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன். அத்தை, அம்மா, தேசிங்கு மட்டும் இருந்தார்கள். கதவைச் சாத்தினேன்.

"அத்தை, அது மாட்டு மாத்திரை இல்ல."

"அப்போ சத்து மாத்திரைதானா?"

"அதுவும் இல்ல."

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு மாத்திரைக்கு எத்தினி பேருடா வெப்ப?"

"எச்.ஐ.வி. மாத்திரைமா."

அம்மா முகம் வெளிறிப்போனது. பக்கத்தில் வந்து இரண்டு கையாலும் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். கையெல்லாம் சந்தனம். "எப்பலேந்துடா? ஏண்டா எங்கிட்டச் சொல்லல?" என்றாள்.

பல வருஷமாக அம்மாவிடம் எதைச் சொல்லப் பயந்தேனோ, அதைச் சொல்வதற்கு அந்தக் கைகள் போதுமாக இருந்தன.

"எனக்கு நோய் இல்லமா. இது வராம இருக்கறதுக்குப் போடறது. முன்னெச்சரிக்கை."

"வராம இருக்கறதுக்கா? ஒனக்கு ஏண்டா அது வரணும்? நீ இன்னா தப்பு பண்ண?"

"தப்பு ஒண்ணும் பண்ணலமா. எனக்குப் பொண்ணுங்க மேல ஆசை வராதுமா. சின்ன வயசுலேந்தே அப்பிடித்தான். ஆம்பளைங்க மேலதான்."

அம்மா வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்தாள். வெளியே யாரோ ஆட்டோ வந்துவிட்டது என்று கதவைத் தட்டினார்கள். தேசிங்கு கதவைத் திறக்காமலே, "ஆட்டோ வேணாம்பா, அவங்களுக்கு ஒண்ணும் இல்ல," என்றான். அப்புறம் அத்தை பக்கம் திரும்பி, சர்க்கரை இருக்கிறதா, கிட்னி கோளாறு உண்டா, வேறு மாத்திரை போடுகிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கலா மேடத்துக்கு மெசேஜ் அனுப்பினான். முட்டி வலியைத் தவிர அத்தைக்கு ஒன்றும் இல்லை. "அப்ப ஒண்ணும் ஆகாது, நிறைய தண்ணி குடிக்கச் சொல்லுங்க," என்று பதில் வந்தது.

இவ்வளவு நேரமும் அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

"ஹோட்டல்ல முப்பது குடுத்தாங்கன்னு சொன்ன," என்றாள். "பங்குனில நான் எண்ணறப்பவே நாலு கொறஞ்சிருந்திச்சு." மெதுவாகத் தலையைத் தூக்கித் தேசிங்கைப் பார்த்தாள். "அந்த நாலு..."

படகு கவிழ்ந்து மூன்று மணி நேரம் கடலில் மிதந்தபோதும் பயப்படாதவன் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் தேசிங்கு, ஒரு பூசணிக்காயின் பின்னால் ஒளிய இடம் தேடினான். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. பூமி பிளக்கவில்லை. பெஞ்சிலிருந்து அத்தைதான் எழுந்து உட்கார்ந்தார்.

"மாட்டு மாத்திரை இல்லல்ல?"

"இல்ல அத்தை."

"அப்ப சரி. எனக்குப் பாயசம் இன்னும் வரல," என்று வெளியே போய்விட்டார். போகும்போது என் தலையில் ஒரு தட்டு தட்டினார். அது ஆசீர்வாதமா, அடியா என்று இன்றுவரை தெரியவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் ராக்கெட் கிளம்பவில்லை. திருக்கழுக்குன்றம் வரை நான் பைக்கில் அழுதுகொண்டே வந்தேன். தேசிங்கு கற்களும் குழியுமாக இருந்த இடத்தில் மட்டும் மெதுவாக ஓட்டினான்.

அம்மா மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. போனால் சாப்பாடு போடுவாள், முகம் பார்க்க மாட்டாள். அப்பாவிடம் சொல்லிவிடாதே என்று அக்கா மூலமாகத் தகவல் மட்டும் வந்தது. நான்காம் வாரம் தட்டில் சாம்பார் ஊற்றிக்கொண்டே முதல் வாக்கியம் பேசினாள்:

"அந்த இன்ஜின்காரரு நம்பரு குடு."

இருவரும் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்கள். என்ன பேசினாய் என்று தேசிங்கைக் கேட்டால், "எல்லாத்தையும் கேட்டாங்கபா. டவுட்டு இன்னும் கீதாம், நாளிக்கும் போன் பண்ணுவாங்களாம்," என்றான். மறுநாள் அம்மா எனக்குப் போன் செய்து தீர்ப்பு சொன்னாள்:

"டெய்லி போடு. நான் பன்னெண்டு வருஷமா தைராய்டு மாத்திரை காலைல எழுந்ததும் போடறேன், ஒருநாள் தப்பினது இல்ல. முன்ன ரெண்டு, மறுநாள் ஒண்ணுன்னு வெச்சுக்கறதுக்கெல்லாம் ஒரு நெதானம் வேணும். அது ஒங்கிட்ட இல்ல. அவுருகிட்ட கீது, அவுரே டெய்லிதான் போடறாரு."

கிளினிக்குக்குப் போய் முறையை மாற்றிக்கொண்டேன். எப்போது தேவைப்படும் என்று முன்னாடியே தெரியுமா என்று கலா மேடம் மறுபடி கேட்டார். "இப்பல்லாம் சொல்ல முடியல மேடம்," என்றேன். (இது பெருமைக்குச் சொன்னதுதான்.) தேவைக்குப் போடும் முறை எத்தனையோ பேருக்கு அழகாக ஒத்துவருகிறது. எனக்கு ஒத்துவராததற்கு மாத்திரை என்ன செய்யும்?

இதெல்லாம் நடந்து ஐந்தாறு வருஷம் ஆகிறது. அத்தைக்கு அன்றோடு முட்டி வலி போய்விட்டதாம். அந்த ஒரு மாத்திரைதான் காரணம் என்று கோவிலில் சத்தியம் செய்யத் தயாராக இருக்கிறார். அது முட்டிக்கு இல்லை அத்தை என்று தேசிங்கு எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டான். எந்த விசேஷத்தில் பார்த்தாலும் காதோரம் வந்து, "அந்த மாட்டு மாத்திரை இன்னொண்ணு இருந்தா குடேண்டா," என்பார். அம்மாவும் அப்பா பக்கத்தில் இருக்கும்போது போனில் அதே பெயரைத்தான் சொல்வாள்: "மாட்டு மாத்திரை போட்டியா?"

காதுகுத்துக்குப் பிறகு வந்த மாட்டுப் பொங்கலுக்குத் தேசிங்கையும் அம்மாதான் வரச்சொன்னாள். அப்பா மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து நிறுத்தியிருந்தார். அத்தை தட்டோடு வந்தார். செவலைக்குப் பொட்டு, கறுப்பிக்குப் பொட்டு, இரண்டுக்கும் ஒரு வாய் பொங்கல். அப்புறம் நேராக என்னிடம் வந்து, "நீயும் அந்த மாத்திரைதான போடற, நில்லு," என்று என் நெற்றியிலும் ஒன்று வைத்து, வாயில் பொங்கலைத் திணித்தார். அக்கா சிரித்து உருண்டாள். அப்பா கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அத்தை தட்டைக் கீழே வைக்கப் போனார். அப்பா நிமிராமலே சொன்னார்:

"அவருக்கும் வையிக்கா. அவரும் டெய்லி போடறவருதான்."

அம்மா கையில் கரண்டி அப்படியே நின்றது. யார் சொன்னார்கள் என்று அன்றைக்கும் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. தேசிங்கு அத்தைக்கு எட்டும்படி குனிந்து நெற்றியைக் காட்டினான்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் மாட்டுப் பொங்கலுக்கு வரிசை அதுதான்: செவலை, கறுப்பி, நான், தேசிங்கு.